ஃபேன் ஒயர்

அக்காவின் கம்ப்யூட்டரைத் திறந்து, பிராசசர் சூடாகிவிடாமல் அதன் மேலே சுற்றும் குட்டி ஃபேனின் ஒயரைப் பிடுங்கிவிட்டவன் அவளுடைய தம்பிதான். ஊரெல்லாம் அவனை ஸ்க்ரூ என்று கூப்பிட்டது. சின்ன வயதில் ரேடியோ, இஸ்திரிப் பெட்டி, அப்பாவின் மூக்குக் கண்ணாடி என்று எதைக் கண்டாலும் கழற்றிவிடுவான். கழற்றியதற்கு விழும் அடி பாதிக்கு மேல் அக்காவின் முதுகில்தான் விழும். நான்தான்பா கழட்டினேன் என்று முந்திக்கொண்டு போய் நிற்பாள். அப்படிப்பட்ட அக்கா.

ஒயரை மட்டும் பிடுங்கினால் போதாது என்பது அவனுக்குத் தெரியும். ஃபேன் சுற்றவில்லை என்றால், ஆன் செய்ததுமே கம்ப்யூட்டர் எச்சரிக்கை காட்டும். அந்த எச்சரிக்கையையும் கம்ப்யூட்டரின் செட்டிங்குக்குள் போய் நிறுத்திவைத்தான். பிடுங்கிய ஒயரை மற்ற ஒயர்களுக்குப் பின்னால், கண்ணில் படாதபடி செருகினான். பிறகு மூடியைப் போட்டு, திருகாணிகளை இறுக்கி, மேலே ஈரத்துணியால் துடைத்துப் பளபளவென்று ஆக்கினான். அவனுக்குத் தொழில் சுத்தம் முக்கியம்.

பெட்டியை அவனிடம் கொண்டுவந்து கொடுத்தது அக்காவேதான். "பரீட்சைக்கு முன்னாடி ஒரு தடவை சுத்தம் பண்ணிக் குடுடா. உன்னைத் தவிர வேற யார் கையும் இது மேல படக் கூடாது" என்றாள்.

பரீட்சை என்று அவள் சொன்னது, வேறொரு ஊரில் இருந்த பெரிய கட்டட நிறுவனம் வைத்த தேர்வு. வேலைக்கு எழுதிப் போட்டுப் போட்டு அலுத்துப்போனவளுக்கு இந்த ஓர் இடத்திலிருந்துதான் பதில் வந்தது. கொடுத்த அளவுகளை வைத்து ஒரு நூலகக் கட்டடத்தை வரைந்து, அதை நிஜப் புகைப்படம்போல ஆக்கி, மதியம் பன்னிரண்டுக்குள் அனுப்ப வேண்டும். ஒரு நிமிஷம் பிந்தினாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கிடைத்தால் குழந்தையைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்கே போய்விடுவாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் தனக்கென்று ஆசைப்பட்டது அது ஒன்றைத்தான்.

அவள் புருஷனுக்கு அதுதான் பொறுக்கவில்லை. நல்ல மனுஷன் என்று தெருவே சொல்லும். குரல் உயர்த்த மாட்டார், கை ஓங்க மாட்டார். ஸ்க்ரூவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்து, அவனுக்கும் சேர்த்து டீ சொல்லி, ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"உங்க அக்கா போயிட்டா எங்க அம்மாவை யாரு பாத்துப்பா மாப்ள? எனக்குச் சோறு யாரு போடுவா? ஒண்ணும் பெரிசா வேணாம். அன்னிக்கு ஒரு நாள் மட்டும் அந்த மெஷின் மக்கர் பண்ணட்டும்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா என்னைத் தலை முழுகிடும், மாமா."

"தெரியாம பண்ணத்தானே உன்கிட்ட வந்திருக்கேன்." டீயை ஊதிக் குடித்தார். "இந்தக் கடை இடம் என் பேர்ல இருக்கு. அதை நான் என்னிக்காவது சொல்லிக் காட்டியிருக்கேனா?"

காட்டியதில்லை. அன்றுதான் முதல் தடவை. கத்தியைக் காட்டி மிரட்டுகிறவனைப் பார்த்துக் கூச்சலாவது போடலாம். டீ வாங்கிக் கொடுத்து மிரட்டுகிற மாமாவைப் பார்த்து ஸ்க்ரூ தலையை ஆட்டினான். வேறு கடை தேடலாம் என்று ஒரு நிமிஷம்கூட அவன் யோசிக்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தேர்வு நாள் காலையில் கடையைத் திறக்காமல் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பத்தரைக்கு அழைப்பு வந்தது.

"தம்பி, மெஷின் படக்குனு ஆஃப் ஆயிடுச்சுடா. தொட்டா சுடுது. ஓடி வாடா."

போனான். அக்கா தலையை அள்ளி முடிந்துகொண்டு, பெட்டியின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். கட்டடத்தை வரைந்து முடித்துவிட்டாள். மிச்சம் இருந்தது கம்ப்யூட்டரின் வேலை. கோடுகளாகக் கிடக்கும் கட்டடத்துக்கு வெயிலும் நிழலும் சுவர் நிறமும் அதுவே தீட்டிக் கொடுக்க வேண்டும். பிராசசருக்கு முதுகு ஒடிகிற வேலை அது. பாதியில் அணைந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

"ஃபேன் சுத்தவே இல்ல பாரு. நேத்துதானே நீ பாத்தே?"

"நேத்து சுத்துச்சுக்கா. மோட்டார் போயிருக்கும்."

பொய் சொல்ல அவன் கஷ்டப்படவில்லை. வாடிக்கையாளர்களிடம் தினமும் சொல்வதுதான். கையை உள்ளே விட்டு ஆராய்வதுபோல் நடித்தான். ஒயர்களுக்குப் பின்னால், தான் ஒளித்த நுனி விரலில் தட்டுப்பட்டது. எடுத்து ஒரு சொருகு சொருகினால் போதும், ஃபேன் சுற்றும். நிமிர்ந்தான். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு மாமா செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பவில்லை.

"கடையில வேற ஃபேன் இருக்குமாடா?"

"இந்த மாடலுக்குக் கிடைக்காதுக்கா."

"வேற மெஷின்?"

"உன்னோட வரையுற சாஃப்ட்வேர் எதுலயும் இல்லையே."

"டேபிள் ஃபேன்" என்று எழுந்தாள் அக்கா.

"அதைக் காலைலதான் பக்கத்து வீட்டுக்குக் குடுத்தேன், பாவம், கேட்டாங்க" என்றார் மாமா, செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "பூட்டிட்டு எங்கேயோ போயிட்டாங்க போல."

அக்கா அழுவாள் என்று இரண்டு ஆண்களும் எதிர்பார்த்தார்கள். அவள் அலமாரிக்கு அடியிலிருந்து ஒரு செருப்புப் பெட்டியை இழுத்து, மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தாள். கம்ப்யூட்டரைப் போட்டு, படம் தீட்டும் வேலையை முதலிலிருந்து முடுக்கிவிட்டு, அந்த அட்டை மூடியால் பிராசசருக்கு விசிற ஆரம்பித்தாள்.

ஸ்க்ரூவுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் நின்றுபோனது. ஏனென்றால் அது வேலை செய்தது. ஃபேன் இல்லாத பிராசசருக்கு அந்த அட்டைக் காற்று போதுமானதாக இருந்தது. வலது கை ஓய்ந்தால் இடது கை, இடது ஓய்ந்தால் வலது. திரையில் நூலகத்தின் கூரைக்கு வெயில் விழுந்தது. ஜன்னல்கள் வந்தன. படிக்கட்டு வந்தது. பாதி தாண்டியது. அக்காவின் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல், தம்பியைப் பார்க்காமல், பிராசசர் மேலிருந்த அந்தச் சின்ன உலோகக் கட்டியை மட்டும் பார்த்துக்கொண்டு விசிறினாள்.

பதினொன்றரை ஆனபோது முக்கால்வாசி முடிந்திருந்தது. ஸ்க்ரூவுக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஓர் ஆசையும் வந்தது. முடிந்துவிடட்டும். தான் ஒயரைச் சொருகவும் வேண்டாம், மாமாவுக்குக் கொடுத்த வாக்கை மீறவும் வேண்டாம். அவளாகவே ஜெயித்துவிட்டுப் போகட்டும். தன் கையில் அழுக்குப் படாமல் நல்லது நடக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் அவனும் ஒருவன்.

அப்போது உள்ளறையில் அவளுடைய போன் அடித்தது.

"அந்தக் கம்பெனிக்காரங்கதான். பேசறேன்னு சொல்லியிருந்தாங்க." அட்டையை அவன் கையில் திணித்தாள். "கையை நிறுத்திடாதடா. நிறுத்தினா போச்சு."

விசிறினான். மனசாரத்தான் விசிறினான். திரையில் நூலகத்தின் முன்னால் மரங்கள் முளைத்துக்கொண்டிருந்தன.

மாமா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு வந்து, அவனருகில் குந்தி உட்கார்ந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கா" என்றார். பிறகு, அன்பாக, அவன் தோளில் கை வைத்தார். "உனக்குக் கை வலிக்கலையா மாப்ள?"

"இல்ல மாமா."

"வலிக்கும். கொஞ்சம் ஓய்வு குடு."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் கேட்டது. அவள் சிரித்துப் பேசி அவன் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. "ஆமா சார், இன்னும் பத்து நிமிஷத்துல அனுப்பிடுவேன். செலக்ட் ஆனா அடுத்த வாரமேயா? சேர்ந்துடலாம் சார். குழந்தைக்கு அங்க ஸ்கூல் பக்கத்துல இருக்குமா?"

ஸ்க்ரூவின் கை நின்றது. மாமா பிடித்து நிறுத்தவில்லை, அட்டையைப் பிடுங்கவில்லை. தோளில் வைத்த கை வைத்தபடியே இருந்தது. கடை, கடையின் ஷட்டர், பெயர்ப் பலகை எல்லாம் அவன் கண்ணுக்குள் வந்து போயின. பிராசசரைச் சுற்றியிருந்த காற்று கொதித்தது. திரை ஒரு கணம் திணறியது. மரங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும் நிரம்பாமல் இருந்தது. பட்டென்று எல்லாம் கறுத்தது.

மாமா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பழைய இடத்துக்குப் போய்ச் செய்தித்தாளைப் பிரித்தார்.

அக்கா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தபோது, ஸ்க்ரூ மறுபடி விசிறிக்கொண்டிருந்தான். செத்துப்போன பெட்டிக்கு, முன்னைவிட வேகமாக.

அவள் திரையைப் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரம் இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"அடடா, இவ்ளோ கஷ்டப்பட்டும் இப்படி ஆயிடுச்சேம்மா" என்றார் மாமா. "சரி விடு. அம்மாவுக்குக் கஞ்சி நேரம் ஆச்சு."

அவள் திரும்பி, தம்பியைப் பார்த்தாள். அவன் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது. அவளைப் பார்க்க முடியாமல் குனிந்து விசிறிக்கொண்டே இருந்தான்.

"போதும்டா" என்றாள். "நீயும் எவ்வளவுதான் பண்ணுவ? இப்படி வேர்த்து ஊத்துதே உனக்கு."

அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அட்டையை வாங்கினாள். கண்ணில் நீர் வழிய வழிய, அவன் முகத்துக்கு விசிற ஆரம்பித்தாள்.