கப்பலுக்குப் போகும் ஹார்ட் டிஸ்க்

கப்பல் கரையைத் தொட்டால்தான் அவள் கணவரின் குரல் தெளிவாகக் கேட்கும். நடுக்கடலில் இருக்கும்போது இரண்டு வரிச் செய்தி வரும், போகும், அவ்வளவுதான். வீடியோ எதையாவது அனுப்பினால் பாதி வழியிலேயே நின்றுவிடும். அதனால் கப்பல் அடுத்து எந்தத் துறைமுகத்துக்குப் போகிறது என்பது அவளுக்கும் மகள் வாலுவுக்கும் எப்போதும் மனப்பாடம்.

அன்று காலை அவர் கூப்பிட்டபோது அவள் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். வலிக்கவே இல்லை என்று சாதிப்பவர்கள் எந்தத் தோளைத் தாழ்த்தி நிற்கிறார்கள் என்பதைப் பார்த்தே அடி எங்கே என்று ஊகித்துவிடுவாள். அவர் குரலிலும் அப்படி ஒரு தாழ்வு இருந்தது. எஞ்சின் ரூமில் வெக்கை அதிகம் என்றார், புது கேப்டன் தங்கமானவர் என்றார். சொல்ல வந்ததை மட்டும் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. ஹார்ட் டிஸ்க் கீழ விழுந்துடுச்சு."

எந்த ஹார்ட் டிஸ்க் என்று அவள் கேட்கவில்லை. போன விடுமுறையின் கடைசி நாளில் வீட்டுக் கம்ப்யூட்டர் இடம் இல்லை, இடம் இல்லை என்று மூச்சு முட்டிக்கொண்டிருந்தது. அவர் உட்கார்ந்து, மகள் பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள், வீடியோக்கள் எல்லாவற்றையும் தன்னுடைய ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றினார். பிரதி எடுக்கவில்லை, அப்படியே நகர்த்திவிட்டார். இங்கே யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள், என்னிடம் இருந்தால் தினமும் பார்ப்பேன் என்றார். பெட்டி கட்டும் அவசரத்தில் அவளும் சரி என்று தலையாட்டினாள்.

கடல் கொந்தளித்த ஒரு நாளில், படுக்கைக்கு மேலிருந்த பலகையிலிருந்து அது எகிறி இரும்புத் தரையில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து சொருகினால் டிக் டிக்கென்று சத்தம் மட்டும்தான். கப்பலின் எலெக்ட்ரீஷியனும் பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டாராம்.

"எப்போ விழுந்துச்சு?"

"போன தடவை உன்கூடப் பேசினேன்ல, அதுக்கு முன்னாடியே."

"போன தடவை, வாலு தவழ்ற வீடியோவைப் பார்த்துக்கிட்டிருக்கேன்னு சொன்னீங்களே."

"மனசுக்குள்ள பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றார் அவர்.

அவளால் கோபப்பட முடியவில்லை. அவரே வேறு வழியும் சொன்னார். கப்பலில் வேலை செய்யும் ஃபிட்டர் ஒருவர் விடுமுறைக்கு வந்திருக்கிறார், சில நாட்களில் திரும்பவும் ஏறப்போகிறார், அவர் வீடு பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. நல்ல ஹார்ட் டிஸ்க்காக ஒன்று வாங்கி, இப்போது இருப்பதையாவது போட்டு அவரிடம் கொடுத்தனுப்பு என்றார். ஃபிட்டர் ஏறும் அதே துறைமுகத்தில் கப்பல் சமையல்காரர் இறங்குகிறார். பழையதை அவரிடம் கொடுத்துவிடுவதாகவும், யாராவது அதைத் திறந்து மீட்க முடிகிறதா என்று பார்க்கும்படியும் கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை கடைக்குப் போகும்போது கொழுந்தனும் ஒட்டிக்கொண்டான். எதை வாங்கினாலும் இருப்பதிலேயே பெரியதாக வாங்க வேண்டும் என்பது அவன் கட்சி. அவன் வாங்கிய பிரிட்ஜை வீட்டுக்குள் கொண்டுபோக வாசற்கதவையே கழற்ற வேண்டியிருந்தது. கடைக்குள் நுழைந்ததும், கட்டை போலக் கனமாக இருந்த ஒன்றைத் தூக்கிக் காட்டினான்.

"அண்ணி, இதை எடுத்துக்கோங்க. வாலு கல்யாண வீடியோ வரைக்கும் இதுல அடங்கும்."

கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, எங்கே வைத்துப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்று கேட்டார். ஒன்று கப்பலுக்கு, ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டருக்கு என்றாள் இவள். இரண்டு வாங்குவது என்று அவள் முடிவு செய்தது அந்த நிமிடத்தில்தான். இனி எதுவும் ஓரிடத்தில் மட்டும் இருக்கக் கூடாது.

கட்டை போல இருப்பதற்குள் தட்டு சுழலும், அதன்மேல் மயிரிழை உயரத்தில் ஒரு முள் மிதந்துகொண்டே படிக்கும் என்று கடைக்காரம்மா விளக்கினார். மேசையைவிட்டு நகராத வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அது போதும், இடமும் தாராளம். ஆனால் அதிர்ச்சி ஆகாது. கப்பலுக்கு என்றால் எஸ்எஸ்டி எடுங்கள், உள்ளே ஓடுவது ஆடுவது எதுவும் கிடையாது என்று ஒரு சின்னஞ்சிறு பொருளை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். சட்டைப் பையில் போட்டால் இருப்பதே தெரியாது.

அதற்குக் கொடுக்கும் காசுக்குப் பெரியதில் நாலு மடங்கு இடம் கிடைக்குமே என்று கொழுந்தன் ஆதங்கப்பட்டான். அவளுக்கும் அந்தச் சிறியதைக் கையில் எடுத்தபோது கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. இத்தனை எடை குறைந்த ஒன்றை நம்பி எதை அனுப்புவது? ஆனால் இரும்புத் தரை நினைவுக்கு வந்தது. அதையே எடுத்துக்கொண்டாள்.

காசு கொடுக்கும்போது பழையதைப் பற்றியும் விசாரித்தாள். கடைக்காரம்மாவின் முகம் மாறியது.

"அதை இன்னும் சொருகிப் பார்க்கறாரா உங்க வீட்டுக்காரர்?"

"தெரியலைங்க."

"வேண்டாம்னு சொல்லுங்க. ஒவ்வொரு தடவை சுத்தும்போதும் முள்ளு தட்டைக் கீறும். இருக்கறதும் போயிடும்."

தெரியலை என்று வாய் சொன்னாலும் அவளுக்கு அவரைத் தெரியும். வேலை முடிந்து வந்து, கையைக் கழுவிக்கொண்டு, இன்றைக்காவது திறக்குமா என்று சொருகி உட்கார்ந்திருப்பார். டிக் டிக் சத்தம் நிற்கிறவரை கேட்டுக்கொண்டிருப்பார். கடை வாசலிலேயே நின்று, இனி அதைத் தொடவே வேண்டாம் என்று செய்தி அனுப்பினாள். மறுநாள் பதில் வந்தது. "சரி. இன்னிக்குக் காலையிலகூட சொருகினேன். இனிமேல் இல்ல."

புது ஹார்ட் டிஸ்க்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் இணைத்துத் திறந்தால் வெள்ளையாக ஒன்றும் இல்லாத பக்கம் வந்தது. அதில் போடுவதற்குப் போனில் இருந்தவை சில. மற்றதை இனிமேல்தான் எடுக்க வேண்டும். ஃபிட்டர் கிளம்புவதற்குள் முடிந்த அளவு எடுத்துவிடுவது என்று வீட்டில் எங்கே பார்த்தாலும் போனும் கையுமாகத் திரிந்தாள். மகள் ஷூ லேஸ் கட்டுவது, மழை நின்ற பிறகு எதிர்வீட்டு நாய் உடம்பை உதறுவது, குழாயில் தண்ணீர் வரும் முன் அது இருமுவது. மகளுக்கு இப்போது ஏழு வயது. போனைத் தூக்கினால் போதும், முதுகை நிமிர்த்திக்கொண்டு செய்தி வாசிப்பவள்போல ஆகிவிடுவாள். அதனால் சமையல் மேடையில் டப்பாக்களுக்கு நடுவே போனை ஒளித்து வைத்தும் எடுத்தாள்.

இதெல்லாம் எதற்கு என்று மகள் துளைத்தெடுத்தபோது உண்மையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"அம்மா, அந்தப் பழைய வீடியோல நான் எப்படிப் பேசுவேன்?"

"உனக்கு 'க' வராது. கப்பலைத் தப்பல்னு சொல்லுவே."

அடுத்த நாள் மாலை அவள் வேலையிலிருந்து வந்தபோது மகள் தலைமுடியை இழுத்துப் பிடித்து உச்சியில் இரண்டு குட்டிக் குடுமி போட்டிருந்தாள். தனக்குப் பத்தாத பழைய கவுன் ஒன்றை எங்கிருந்தோ தேடியெடுத்து பனியன்மேல் மாட்டியிருந்தாள். தரையில் காலைப் பரப்பி உட்கார்ந்துகொண்டாள்.

"எடும்மா. நான் மறுபடியும் சின்னப் பாப்பாவா இருக்கேன். அப்பாவுக்குப் போனதெல்லாம் திரும்பக் கிடைச்சுடும்ல."

அவள் போனை எடுத்துப் பிடித்தாள்.

"அப்பா தப்பல்ல போயித்தாங்த. தாத்தா தத்துது" என்று காக்காவையும் இழுத்து வாலு ஆரம்பித்தாள். எந்த எழுத்து கிடைத்தாலும் அதைத் தகரமாக்கிப் போட்டுத் தள்ளினாள். அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, போன் குலுங்கியது. சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் கண் எப்போது நிறைந்தது என்று தெரியவில்லை. அந்த வயதில் மகள் சொன்ன தப்பலில் தப்பு எதுவும் இருந்ததில்லை. ஒழுங்காகக் கப்பல் என்றுதான் சொல்வதாக அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையை எப்படி நடிக்க முடியும்?

பாதியில் வாலு நிறுத்தி, தன் சொந்தக் குரலில் கேட்டாள்: "சரியா பேசறேனாம்மா?"

"அப்படியேதான் பேசறே."

அந்தக் கேள்வியை அவள் வெட்டி எடுக்கவில்லை. அப்படியே இரண்டு ஹார்ட் டிஸ்க்கிலும் போட்டாள். சரியாக ஏறியிருக்கிறதா என்று இரண்டையும் தனித்தனியாகத் திறந்து ஓடவிட்டுப் பார்த்த பிறகே சிறியதைக் கழற்றினாள்.

ஃபிட்டர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். எல்லா வீட்டிலும் தின்பண்டம் கொடுத்தனுப்பித் தன் முதுகை ஒடிப்பார்கள், நீங்கள் ஒருவர்தான் இரக்கம் உள்ளவர் என்று சொல்லிச் சட்டைகளுக்கு நடுவே செருகிக்கொண்டார்.

அவர் போய்ச் சேர்ந்த வாரமே சமையல்காரர் வந்தார். பழைய ஹார்ட் டிஸ்க்கை அவள் கணவர் தன் வேலைச் சட்டையின் கிழிந்த கையில் சுற்றிக் கொடுத்திருந்தார். அதில் எஞ்சின் எண்ணெய் வாடையும் சோப்பு வாடையும் கலந்து அடித்தது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் எடுத்துக் கடைக்காரம்மா சொன்ன இடத்துக்குக் கொண்டுபோனாள். துணியைத் துவைக்காமல் தன் புடவைகளுக்கு அடியில் வைத்தாள்.

மீட்பவர்களிடமிருந்து பதில் வரும்போது அவள் வேலையில் இருந்தாள். தட்டு முழுக்கக் கீறல், எதுவும் எடுக்க முடியாது, மன்னிக்கவும் என்றார்கள். சரிங்க, நன்றி என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பெரியவர் ஒருவர் நெஞ்சைப் பலகையில் ஒட்டிக்கொண்டு நின்றிருந்தார். மூச்சை இழுத்துப் பிடிங்க என்றாள். படம் விழுந்தது. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் முகம் சிவந்து, விடலாமாம்மா என்று கையால் ஜாடை காட்டிய பிறகுதான் விடுங்க என்று சொல்ல மறந்தது உறைத்தது. பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். அவர் நல்ல மனிதர். படத்தில் எனக்கு ஏதோ கேடு தெரிகிறதோ என்று நினைத்தேன் என்று சொல்லி இருமினார்.

கப்பல் அடுத்த கரையைத் தொட்டபோது அவர் கூப்பிட்டார். வாலு முதலில் பிடுங்கிக்கொண்டு, என் வீடியோ பார்த்தீங்களா, சிரிச்சீங்களா என்று கேட்டுத் தீர்த்துவிட்டு விளையாடப் போனாள். அதன் பிறகு அவள் பழைய ஹார்ட் டிஸ்க்கின் கதையைச் சொன்னாள்.

"போகட்டும்" என்றார் அவர். "ஒவ்வொரு நாளும் சொருகிக் கெடுத்தது நான்தான். விடு."

அப்புறம் புதியதில் பார்த்ததையெல்லாம் சொன்னார். குழாய் இருமுவதைக் கேட்டதும் எழுந்துபோய் அடைக்கத் தோன்றியதாம். சரியா பேசறேனா என்று வாலு கேட்கிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போடுகிறாராம். சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார்.

"ஒண்ணு கேட்கட்டுமா? நீ எங்க?"

"நான் எங்கன்னா? நான்தானே எடுத்தேன்."

"அதைத்தான் சொல்றேன். உன் குரல் வருது. ஒண்ணுல கை வருது, வளையல் தெரியுது. முகம் எதுலயும் இல்ல. எல்லாத்தையும் முடிச்சுட்டுத் தேடிப் பார்த்தேன்."

"இந்த மூஞ்சியை வேற பார்க்கணுமாக்கும்."

அவர் சிரிக்கவில்லை. "பார்க்கணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு ஜன்னல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வாலு போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கன்னத்துல முடி விழுது, ஒதுக்கு என்று அதிகாரம் செய்தாள். எத்தனையோ பேரை நேராக நில்லுங்க, அசையாதீங்க என்று நிற்க வைத்தவளுக்குத் தன் கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லலாம், கொழுந்தன் இப்போது சோபா வாங்கப் புறப்பட்டிருப்பதைச் சொல்லலாம் என்று யோசித்துத்தான் வைத்திருந்தாள். போனின் கறுப்பு வட்டத்தைப் பார்த்ததும் அதெல்லாம் வரவில்லை.

"எப்ப வருவீங்க?" என்றாள்.

அது அவருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈர முடியிலிருந்து தோளில் தண்ணீர் சொட்டியது. வாலுவும் அவளாக நிறுத்தவில்லை, கை வலிக்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று மாலையே அதை மேசைமேலிருந்த ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு மூடினாள். பிறகு ஃபிட்டரின் மனைவியைக் கூப்பிட்டு, அந்தக் கப்பலில் அடுத்து யார் ஏறப்போகிறார்கள் என்று விசாரித்தாள். இப்போதைக்கு யாரும் இல்லையாம். தெரிந்தால் உடனே சொல்கிறேன், நானும் எங்க வீட்டுக்காரருக்குக் கொடுத்தனுப்ப வேண்டியிருக்கிறது என்றாள் அந்தப் பெண்.