கண் வரப்போகும் இடம்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தவளைக் கருக்களை ஆராய்கிறவள் நான். என் கணவர் தயாபரன் லுணுகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். 2004இல் ஏழு மாத வயிற்றோடு லீவில் வீட்டுக்குப் போனேன். பிள்ளைக்கு ஒரு சட்டைகூட வாங்கவிடவில்லை மனிதர்.

“பொறக்கட்டும். அதுக்கு முன்ன ஒரு சாமானும் வீட்டுக்குள்ள வரக்கூடாது. எங்க வீட்டு வழக்கம் அது.”

எனக்கு ஆத்திரம். ஆராய்ச்சிக்கூடத்தில் எடுத்த படமொன்றை அவர் முன் வைத்தேன். கடுகளவு தவளைக் கரு, தலைப்பக்கம் இரண்டு ஊதாத் திட்டுகள்.

“இது என்னா, தவளையோட கண்ணா?”

“கண்ணு இன்னும் வரலைங்க. வரப்போற எடம். கண்ண உண்டாக்குற மரபணு அங்க இப்பவே வேலைய ஆரம்பிச்சிருச்சு. அந்த எடம் மட்டும் ஊதாவாத் தெரியிற மாதிரி சாயம் போட்டிருக்கோம். தவளையே முன்கூட்டி ஏற்பாடு பண்ணுது. நீங்கதான் மாட்டேங்கிறீங்க.”

படத்தை வெகுநேரம் பார்த்தார். “சாமான் ஒண்ணும் வரலியே. எடந்தானே புடிச்சு வச்சிருக்கு,” என்றார். இவரோடு பேசிப் பயனில்லை என்று போய்ப் படுத்துவிட்டேன்.

மறுநாள் வேலை விட்டு வந்தவர் ஸ்டூலில் ஏறி, கட்டிலுக்கு மேலே உத்தரத்தில் எதையோ செய்துகொண்டிருந்தார். இறங்கியபோது விரலெல்லாம் ஊதா. அண்ணாந்து பார்த்தேன். தேயிலை மூட்டைகளில் முத்திரை குத்தும் மையால் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தார்.

“தொட்டில் கொக்கிக்கா?”

“கொக்கியெல்லாம் பொறந்தப்புறம்,” என்றார். “இப்போதைக்கு எடம் மட்டும்.”