கவிழ்த்த கோப்பை

பேட்ஜின் ஊசி கோட்டுத் துணியில் இறங்க மறுத்தது. மகள் சவப்பெட்டி விளிம்பில் முழங்கையை ஊன்றிக்கொண்டு இரண்டு முறை குத்திப் பார்த்தாள். இத்தனை வருடம் அப்பா இதே கோட்டில்தான் இதைக் குத்திக்கொண்டிருந்தார். பழைய ஓட்டை எங்கேயோ இருக்க வேண்டும். தேடும்போது கண்ணில் படுவதில்லை.

"இன்னும் கொஞ்சம் மேல. நெஞ்சுக்கு நேரா வரணும்," என்றார் மதுவிலக்குச் சங்கத்தின் செயலாளர். அவருக்கு எதுவும் ஒழுங்காக இருக்க வேண்டும், பிணத்துக்கும் சேர்த்து.

பேட்ஜில் வெள்ளைப் பின்னணியில் கவிழ்த்து வைத்த ஒரு கோப்பை. சங்கத்தின் சின்னம் அது. அப்பா சங்கத்தின் தலைவர். பேட்ஜை மெருகேற்றி வெல்வெட் பெட்டியில் வைத்து எடுத்து வந்தவள் செயலாளரின் மனைவி. சின்னப் பெண், முழுக்கைச் சட்டையும் புடவையுமாகச் சுவர் ஓரம் நின்றிருந்தாள். மின்விசிறி சுற்றியும் முகமெல்லாம் வேர்வை. செயலாளர் திரும்பிப் பார்த்ததும் பெட்டியைச் சட்டென்று மூடினாள்.

ஊசி ஒருவழியாக இறங்கியது. மகளின் கட்டைவிரலிலும் கொஞ்சம் இறங்கியது.

அடுத்தது போதகர். அவர் மகளை ஓரமாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆராதனையில குடும்பத்து சார்பா நீங்கதான்மா பேசணும். ரெண்டு நிமிஷம் போதும். உங்கப்பாவோட சாட்சிய அவர் வாயால இனிமே கேக்க முடியாது. நீங்க சொல்லுங்க. முக்கியமா அந்த விரல் விஷயம். இளைஞர்கள் நிறைய பேர் வராங்க."

"அம்மாவக் கேட்டுச் சொல்றேன் பாஸ்டர்."

"அம்மாவுக்கு என்ன, எப்பவும்போல கையத் தூக்கிக் காட்டினா போதும்."

அப்பாவின் சாட்சி பெயர் பெற்றது. வெளியூர்க் கூட்டங்களுக்குக் கார் அனுப்பி அழைத்துப் போவார்கள். குடியிலிருந்து கர்த்தர் தன்னைத் தூக்கியெடுத்த கதையை அவர் சொல்ல ஆரம்பித்தால் கைக்குட்டை எடுக்காதவர்கள் குறைவு. முதல் வருடம் அந்தக் கதையில் அவர் சம்பளத்தை மட்டும்தான் குடித்தார். அடுத்த வருடம் அம்மாவின் கம்மலைக் குடித்தார். அதற்கும் அடுத்த வருடம் தையல் மெஷினை விற்றுக் குடித்தார். கூட்டத்தில் யாராவது கொட்டாவி விட்டால் வீட்டில் இன்னொரு பொருள் விற்கப்படும். அந்தத் தையல் மெஷின் பின்னறையில் உறை போட்டு இன்றைக்கும் நிற்கிறது. அம்மா அதில்தான் ஊருக்கெல்லாம் சட்டை தைத்து மகளைப் படிக்க வைத்தாள்.

இந்தப் போதகர் வந்த வருடம்தான் விரலும் கதைக்குள் வந்தது. "குடிவெறியில இந்தப் பாவி முறுக்கி உடைச்ச விரலப் பாருங்க," என்று அப்பா தழுதழுப்பார். முன்வரிசையில் அம்மா வலது கையைத் தூக்குவாள். நடுவிரல் பாதியில் மடங்கி, பக்கத்து விரல்மேல் சாய்ந்து நிற்கும். கூட்டம் ஸ்தோத்திரம் சொல்லும்.

மகள் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள். கதவில் மாட்டிய விரல் எப்படி உடையும், மாடிப்படியில் விழுந்த கை எப்படி உடையும் என்று பார்த்துப் பார்த்துப் பழகியவள். ஒருவர் பிடித்து முறுக்கினால் எலும்பு வேறு மாதிரி உடையும். கூட வந்திருக்கும் புருஷன் "கதவுல மாட்டிக்கிச்சு" என்று முந்திக்கொண்டு சொல்வான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் படத்தை எடுத்துக் கொடுப்பாள். அந்தத் தலையாட்டலுக்காகத் தன்மேலேயே அவளுக்குக் காறித் துப்பத் தோன்றும்.

வாசலில் சத்தம் கேட்டது. சித்தப்பா வந்திருந்தார். அப்பாவின் ஒரே தம்பி, இந்த வீட்டுப் படியேறிப் பல வருடமாகிறது. சாயங்காலம் ஒரு கிளாஸ் போடுகிறவர், அதை யாரிடமும் மறைக்காதவர். இன்றைக்கும் லேசாக வாடை அடித்தது. இரண்டு பேர் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்கள்.

அண்ணன் தம்பி சண்டையெல்லாம் ஒரே ஒரு கல்யாண வீட்டைப் பற்றியது. கானாவூரில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக மாற்றினாரே, அது போதை உள்ளதா இல்லாததா? புளிக்காத பழச்சாறு என்பார் அப்பா. பழச்சாறுக்கா பந்தி விசாரிப்புக்காரன் அப்படி மெச்சினான் என்பார் சித்தப்பா. இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு ஜாடிக்காக இரண்டு பேரும் பேச்சுவார்த்தையை நிறுத்திக்கொண்டார்கள்.

சித்தப்பா பெட்டிக்குள் பார்த்தார். பேட்ஜைப் பார்த்தார். அழவில்லை.

"எங்க சபையில ராப்போஜனத்துக்கு புளிச்ச திராட்சரசம்தான் கொடுப்பாங்க. யாரும் வீட்டுக்குப் போய் பொண்டாட்டிய அடிக்கல," என்றார்.

"அடிச்சா மட்டும் சாட்சியில சொல்லவா போறாங்க சித்தப்பா?"

சித்தப்பா பெட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டார். "உங்கப்பன் குடிச்சா பாடுவான். உனக்கு ஞாபகம் இருக்கா?"

இல்லாமலா? அப்பா அச்சகத்தில் மெஷின் ஓட்டினவர். குடித்துவிட்டு வரும் நாட்களில் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அன்றைக்கு அடித்த கல்யாணப் பத்திரிகையை ராகம் போட்டுப் பாடுவார். யாரோ ஒருவரின் மூத்த குமாரனுக்கும் யாரோ ஒருவரின் இளைய குமாரத்திக்கும் வீடு முழுக்க மேளம் கொட்டும். அவர் விரல்களில் மை வாசனையும் வாயில் அந்த இன்னொரு வாசனையும் இருக்கும். சம்பளம் பாதிதான் வீடு வந்து சேரும், அதுவும் உண்மை. அம்மா பட்டினி கிடந்து மகளுக்குப் போட்ட ராத்திரிகள் உண்டு. ஆனால் அந்த நாட்களில் அவர் கை ஓங்கியதில்லை.

அம்மா உபவாசம் இருந்து ஜெபித்தாள். குடி போனது. சம்பளம் முழுசாக வந்தது. பாட்டு நின்றது. பிறகு ஒவ்வொன்றாகக் குற்றங்கள் கண்ணில் பட ஆரம்பித்தன: குழம்பில் உப்பு, கதவு திறக்கத் தாமதம், மகளின் மதிப்பெண். பரிசுத்தமாகிவிட்ட மனிதருக்கு மற்றவர்களின் அழுக்கு தாங்கவில்லை.

விரல் உடைந்த அன்று அவர் குடித்திருந்தது ஒரு டம்ளர் பால். ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது, சட்டையில் ஒரு பொத்தான் இல்லை. "ஊருக்கெல்லாம் பொத்தான் வைக்கிற கை, என் சட்டைக்கு மட்டும் வராதோ?" என்று அந்தக் கையைப் பிடித்தார். மகள் பாடப் புத்தகத்தோடு அறை வாசலில் நின்றிருந்தாள். அவர் வேறு சட்டை மாற்றிக்கொண்டு போனார். கூட்டத்துக்குச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தும்விட்டார்.

"அப்ப அவர் குடிச்சிட்டே இருந்திருக்கணும்னு சொல்றீங்களா?" என்று மகள் கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலம்மா. எல்லாத்தையும் பாட்டில் தலையில கட்டிட்டாங்கன்னு சொல்றேன். அது பாவம், வாய் இல்லாதது."

பின்னறையில் அம்மா தையல் மெஷின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். கறுப்புப் புடவைக்கு ஏற்ற சட்டையின் கைமடிப்பைப் பிரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசி குத்தாமலிருக்க நடுவிரலில் போட வேண்டிய ஊசித்தொப்பியை மோதிர விரலில் போட்டிருந்தாள். உடைந்ததிலிருந்து அப்படித்தான்.

மகள் கதவைச் சாத்தினாள்.

"சாட்சி சொல்லச் சொல்றாங்கம்மா. விரலச் சொல்லணுமாம்."

"சொல்லிட்டுப் போ. எல்லாருக்கும் தெரிஞ்ச கததானே."

"அது பொய்ம்மா."

"மெதுவாப் பேசு."

"அவர்தான் போயிட்டாரே. இனிமே யாருக்கும்மா பயம்? இன்னிக்கும் அந்தப் பொய்யச் சொல்லி, நீ கையத் தூக்கி, அவங்க ஸ்தோத்திரம் சொல்லி... என்னால முடியாது. நான் உண்மையச் சொல்லப் போறேன்."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். சட்டையை உதறிப் பார்த்தாள்.

"குடிச்சிட்டு அடிச்சார்னு சொன்னா, அடிச்சது குடின்னு போயிரும். குடிக்காம அடிச்சார்னு சொல்லிப் பாரு. நீ என்ன பண்ணினேன்னு என்னைக் கேப்பாங்க."

அம்மா ஊசித்தொப்பியைக் கழற்றி மெஷின்மேல் வைத்தாள்.

"அவர் அத மேடையில மாத்திச் சொன்ன அன்னிக்கு எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுமா? அதுவரைக்கும் கதவுல மாட்டிக்கிச்சுன்னு நான் பொய் சொல்லிட்டிருந்தேன். அன்னிலேர்ந்து பொய் அவரோடது ஆயிருச்சு. நான் கையத் தூக்கினா மட்டும் போதும்." அம்மா சட்டையை மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள். "குடிய நிறுத்துன்னு முழங்கால் தேய வேண்டினவ நான். கேட்டதத்தான் கர்த்தர் கொடுத்தார். வேற எதையும் கேக்கணும்னு எனக்குத் தெரியல."

"அம்மா..."

"நீ பேசிட்டு உன் வீட்டுக்குப் போயிருவ. நான் இதே சபைக்குத்தான் ஞாயித்துக்கிழமை போகணும்."

சட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகில் நின்று, திரும்பாமலே, "பெட்டியில வச்சிருக்கற கோட்டுல எல்லாப் பொத்தானும் இருக்குல்ல?" என்றாள்.

"இருக்கும்மா."

சபை மண்டபம் நிரம்பி வழிந்தது. பெட்டியை மேடைக்குக் கீழே வைத்திருந்தார்கள். பேட்ஜ் விளக்கு வெளிச்சத்தில் மின்னியது. போதகர் அப்பாவை விசுவாச வீரர் என்றார். செயலாளர் அப்பா சேர்த்துவிட்ட சங்க உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொன்னார். வரிசை வரிசையாக ஆண்கள் எழுந்தார்கள். பக்கத்தில் அவர்கள் மனைவிமார் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். சித்தப்பா கடைசி பெஞ்சில் தனியாக இருந்தார். அவரைச் சுற்றி மட்டும் இடம் தாராளமாக இருந்தது.

"இப்போது மகள் சாட்சி பகர்வார்," என்றார் போதகர்.

மகள் எழுந்தாள். அம்மா அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைக் வரைக்கும் நடக்கும்போது வீட்டில் அம்மா சொன்னது கூடவே நடந்து வந்தது. பொய் சொல்ல நாக்கு வரவில்லை. உண்மையைச் சொன்னால் தண்டனை அவளுக்கில்லை, அம்மாவுக்கு. செத்த பிறகும் இந்த மனிதர் தங்கள் இருவரையும் ஒரே அறையில் அடைத்து வைத்திருக்கிறார் என்று நினைத்தபோது அவளுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. கூட்டம் அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டது. யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

மைக் அவள் உயரத்துக்கு அதிகம். எக்கித்தான் பேச வேண்டியிருந்தது.

"எங்கப்பா குடிய விட்டப்போ எனக்கு எட்டு வயசு," என்றாள்.

"ஸ்தோத்திரம்," என்றது கூட்டம்.

"அதுக்கப்புறம் அவர் ஒரு சொட்டு தொடல. அது சத்தியம்."

"ஸ்தோத்திரம்!"

"எங்கம்மா விரல் உடைஞ்சப்போ நான் வாசல்ல நின்னு பாத்துட்டிருந்தேன். அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு."

"அல்லேலூயா!" என்றார் போதகர். விரல் என்ற சொல் காதில் விழுந்ததுமே அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைக்க ஆரம்பித்திருந்தார். முன்வரிசையில் அம்மாவின் கை வழக்கம்போல் மேலே எழும்பியது. மடங்கிய விரல் எல்லாருக்கும் தெரிந்தது. இளைஞர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். மண்டபம் முழுக்க ஒரே குரலாக ஸ்தோத்திரம் எழுந்தது, அப்பா பேசும்போது எழுந்ததைவிடப் பலமாக. யாரும் எதையும் கூட்டிக் கழித்துப் பார்க்கவில்லை.

மகள் அதோடு மைக்கை விட்டாள். இறங்கி வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா கையை இன்னும் இறக்கவில்லை. பாட்டு ஆரம்பித்த பிறகுதான் மெதுவாக இறக்கி மடியில் வைத்து, புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். கோபமா, நிம்மதியா, எதுவும் முகத்தில் தெரியவில்லை. பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம் விழுந்தது.

அடுத்த சரணத்துக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். பக்கவாட்டு வரிசையில் செயலாளர் கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். காலி வெல்வெட் பெட்டியை மடியில் வைத்து, அதன் மூடிமேல் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தாள். எட்டுக்குப் பிறகு ஒன்பது, பத்து. ஒரு கை போதாமல் மறு கையிலும் இரண்டு விரல் மடக்கினாள். பதினைந்தில் நிறுத்தினாள். முழுக்கைச் சட்டையின் விளிம்பை மணிக்கட்டுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, தலைப்புக்குள் மறைந்திருந்த அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.