தங்கு என்று ஒரு பெயர்

செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேற்பார்வையாளர் அந்த ஜோக்கை அவிழ்த்துவிட்டார். "பேரு தங்கமா? அப்போ தங்கப்பல் வேலையெல்லாம் இனிமே உன் தலையிலதான்!" எட்டு வருடமாக அதையே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். அவளும் மெழுகுப் பல்லைச் செதுக்கிக்கொண்டே, போனால் போகிறதென்று சிரித்து வைப்பாள். அம்மாவுக்கு மட்டும் அவள் தங்கு. தங்கம் என்பது செல்லத்தில் சுருங்கித் தங்கு ஆகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தாள்.

வெளியூரில் ஒரு பெரிய கூடத்தில் நல்ல வேலை கிடைத்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். வீட்டிலிருந்ததைக் கரையான் அரித்திருந்ததால், அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பதிவு அலுவலகத்துக்குப் போனாள்.

எழுத்தர் பேரேட்டைப் புரட்டி, ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஏம்மா, உனக்கு என்ன வயசு?"

"முப்பத்தொண்ணு சார்."

"இதுல முப்பத்திநாலுன்னு வருதே. அப்பா பேரு, அம்மா பேரு, விலாசம் எல்லாம் சரியா இருக்கு."

இன்னொரு பேரேட்டை எடுத்தார். அதில் அவள் பிறந்த தேதி சரியாக இருந்தது. இரண்டிலும் தங்கம். பழைய வரியின் ஓரத்தில் சிவப்பு மையில் ஏதோ கிறுக்கியிருந்தது. அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். குரல் தானாக இறங்கியது.

"இது... தவறிப்போன குழந்தைம்மா. பதினொரு நாள்."

"ரெண்டுக்கும் நகல் குடுங்க சார்" என்றாள். தன் குரல் யாரோ பேசுவது போலக் கேட்டது.

மதியம் வீட்டுப் படியேறும்போது எதிர் வீட்டு அக்கா வழிமறித்தாள்.

"நீ வெளியவா போயிருந்த? உங்கம்மா காலையிலேர்ந்து தங்கு, தங்குன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்களே. நீ உள்ளதான் இருக்கேன்னு நெனச்சேன்."

சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அம்மா சமையலறையிலிருந்து கூப்பிடுவாள். "என்னம்மா?" என்று போய் நின்றால் திடுக்கிட்டுப் பார்ப்பாள். பிறகு, "ஒண்ணுமில்ல, போ" என்பாள். அம்மாவுக்கு மறதி என்றே அவள் எண்ணியிருந்தாள்.

அம்மா கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவள் இரண்டு நகல்களையும் துணிகளின் மேல் வைத்தாள். அம்மா பழையதை மட்டும் எடுத்தாள். மடியில் வைத்து நீவிக்கொண்டே இருந்தாள்.

"உங்கப்பா போனப்புறம் இதைப் பேச ஆளே இல்ல" என்றாள். "கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருந்தாங்க. தொட விடல. வெளிய நின்னுக்கிட்டு, போயிடாதடி, தங்கு, தங்குன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அதைப் பேருன்னு நெனச்சுட்டாங்க அந்த நர்ஸம்மா. எல்லாம் முடிஞ்சப்போ சீட்டுல எழுதப் பேர் வேணுமில்ல? தங்கம்னு எழுதிட்டாங்க."

"அப்போ எனக்கு எதுக்கும்மா அதே பேரு?"

"நீ பொறந்தப்போவும் வாயில அதுதான் வந்துச்சு. நீ தங்கிட்ட."

அவள் பொன் என்று முப்பத்தொரு வருடம் சுமந்தது பொன்னே இல்லை; வேறொருத்தியிடம் கெஞ்சிய கெஞ்சல்.

"நான் வீட்டுல இல்லாதப்போ யாரைக் கூப்பிடுற?"

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "கூப்பிட்டா பக்கத்துல வந்து நிக்கிற மாதிரி இருக்கும். நீ என்னம்மான்னு வந்துட்டா போயிடுவா."

அதட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அத்தனை வருடமும், அழைத்ததும் ஓடிப்போய் நின்ற பிள்ளை அவள்.

"என்கூட வந்துடும்மா" என்றாள் கடைசியில்.

"நான் வந்துட்டா, அவ வந்து பாக்கிறப்போ வீடு பூட்டிக் கிடக்குமே."

அவள் தனியாகத்தான் போனாள். புது ஊரில் இரண்டாவது மாடியில் ஒற்றை அறையும் சமையலறையும் கிடைத்தன. தினமும் வேலை முடிந்ததும் அம்மாவுடன் போனில் பேசினாள். மழை, முழங்கால் வலி, எதிர் வீட்டு அக்கா என்று எல்லாம் சொல்வாள் அம்மா. அந்தப் பெயரை மட்டும் வாயில் எடுக்கவில்லை.

நான்காவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவே கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது.

"வீடு வெறிச்சுன்னு கெடக்குடி. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன். நீ போன நாள்லேர்ந்து அவளும் வரல." சற்று நிறுத்தினாள். "உன்கூட வந்துட்டாளா?"

பட்டப்பகல். ஜன்னல் வழியாக வெயில் விழுந்திருந்தது. ஆனாலும் அவளுக்குத் திரும்பிப் பார்க்கத் துணிவு வரவில்லை. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்தக் குரலைக் கேட்டபின் சொல்ல மனம் வரவில்லை.

"நீ கெளம்பி வாம்மா" என்றாள்.

மறுநாள் சாயங்காலமே அம்மா ஒரு பையோடு வந்து நின்றாள். மூச்சிரைத்தது. மகளின் தோளுக்கு மேலாக அறைக்குள் வெகுநேரம் பார்த்தாள். மெல்ல முகம் தெளிந்தது. பையைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள்.

"சாப்பிட்டீங்களாடி?" என்றாள்.

பிறந்ததிலிருந்து அம்மா அவளை நீ என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவள் குனிந்து பையை எடுத்து உள்ளே வைத்தாள்.

"சாப்பிட்டோம்மா" என்றாள்.