தலைக்கு மேல் கிண்ணம்

காபி டம்ளர் நழுவித் தரையில் உருண்டபோது முத்துசெல்விக்குக் கை வலிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. வலித்தாலாவது விரல்கள் தன்னுடையவை என்று தெரியும். இந்த வாரத்தில் இது மூன்றாவது டம்ளர்.

பெரியாஸ்பத்திரி டாக்டரம்மா ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டாள். மணிக்கட்டு நரம்பு நசுங்கிக் கிடக்கிறது. இனியும் முட்டை அடித்துக்கொண்டிருந்தால் ஒரே வருஷம். அப்புறம் சேலைக்குக் கொசுவம் வைக்கவும் இன்னொருத்தியைக் கூப்பிட வேண்டியதுதான்.

முட்டை அடிப்பது மக்ரூனுக்கு. கல்யாணத்துக்கு முன்னால் தூத்துக்குடியில் ஒரு பேக்கரியில் நாலு வருஷம் நின்று கற்ற வேலை. வெள்ளைக்கருவில் சீனியைப் போட்டு, நுரை பஞ்சாக இறுகும்வரை அடிக்க வேண்டும். முந்திரித் தூளைக் கலந்து, கூம்பு கூம்பாகப் பிழிந்து, ஓவனில் காய வைக்க வேண்டும். கோவில்பட்டியின் வறண்ட காற்றில் மக்ரூன் நமத்துப் போகாது. கழுகுமலையிலிருந்தும் விளாத்திகுளத்திலிருந்தும் கல்யாண வீட்டுக்காரர்கள் விசாரித்துக்கொண்டு வந்தார்கள். கையில் பிடித்து அடிக்கிற கரண்ட் பீட்டர் இரண்டு வாங்கிப் பார்த்தாள். இரண்டும் புகைந்து செத்தன. பாக்கி இருந்தது அவளுடைய வலது கை.

ஆகவே ஸ்டாண்ட் மிக்சர் கேட்டாள். தானே நின்று, தானே சுற்றி, தானே அடிக்கிற மெஷின். ஆறு மாதமாகக் கேட்டாள்.

புருஷன் இசக்கிராஜா தீப்பெட்டிக் கம்பெனியில் சூப்பர்வைசர். நூறு பேரை அதட்டி வேலை வாங்குகிறவன். அவனுடைய கட்சி எளிமையானது. வீட்டில் மிக்ஸி இருக்கிறது, கிரைண்டர் இருக்கிறது, மூன்றாவதாக ஒன்று எதற்கு? முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்குக் கறவை மாடே வாங்கலாமே? மாடு முட்டை அடிக்குமா என்று அவள் கேட்டாள். அன்றைக்கு அவன் சாப்பிடாமலே வேலைக்குப் போனான்.

கடைசியில் வழி சொன்னவர் வீட்டு உபயோகப் பொருள் கடை வைத்திருக்கும் கடற்கரை அண்ணாச்சி. கடையில் காட்சிக்கு வைத்திருந்த மெஷினைப் புதன்கிழமை கொண்டுவந்து இறக்கினார். ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் வரைதான். சங்கரன்கோவில் பேக்கரிக்காரர் ஒருவர் அதற்குக் காத்துக்கொண்டிருந்தார்.

இசக்கிராஜா ஒரு பந்தயம் வைத்தான். ஆறு முட்டை வெள்ளைக்கரு. மெஷின் அடிக்கட்டும். கிண்ணத்தைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் கீழே விழக் கூடாது. விழாவிட்டால் மெஷினை வாங்கிக்கொள்ளலாம். தூத்துக்குடி பேக்கரியில் அதுதான் கணக்கு என்று அவளே சொல்லியிருக்கிறாள். விழுந்துவிட்டால் இந்த வீட்டில் இனி மெஷின் என்ற பேச்சே எடுக்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அவனுடைய முதலாளி வீட்டுக் கல்யாணம், விளாத்திகுளத்தில். பத்துக் கிலோ மக்ரூன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். அதையும் கையாலேயே அடித்துக் கொடுக்க வேண்டும்.

முத்துசெல்வி சரி என்றாள். மெஷினை அவளுக்குத் தெரியும். தோற்காது.

வியாழன் காலை அடுத்த வீட்டிலிருந்து அவனுடைய அக்கா உமாதேவி வந்தாள். கழுகுமலை முருகனுக்கு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்ததால் மெஷினின் தலையில் தள்ளி நின்றே சந்தனமும் குங்குமமும் வைத்தாள். முட்டை உடைக்கப் போகிறார்கள் என்றதும் கூடத்துக்கு ஓடி, நாற்காலியில் உட்கார்ந்து, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

மெஷின் ஓடியது. ஐந்து நிமிஷம். பத்து. இருபது.

கிண்ணத்தில் கிடந்தது சோப்புத் தண்ணீர் மாதிரி ஒரு வெள்ளைக் குழம்பு.

முத்துசெல்வி கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். வேகத்தைக் கூட்டினாள், குறைத்தாள், சீனியைக் கொஞ்சம் சேர்த்தாள். எதுவும் நடக்கவில்லை. இசக்கிராஜா கிண்ணத்தைச் சாய்த்தான். மொத்தமும் மடமடவென்று தொட்டியில் கொட்டியது.

"பாத்தியாட்டி? இதுக்கா ஆறு மாசம் என் உசுர வாங்குன?"

உமாதேவி கூடத்திலிருந்தே சிரித்தாள். மோர் கடையத்தான் ஆகும் போல என்றாள். இசக்கிராஜா அங்கேயே நின்று கடற்கரை அண்ணாச்சிக்குப் போன் போட்டு, அஞ்சு மணிக்கு வந்து சாமானைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னான். சட்டையை மாட்டினான். பைக்கை உதைத்தான். போய்விட்டான்.

அவள் கிண்ணத்தைக் கழுவ எடுத்தாள். குழாய்த் தண்ணீர் பட்டது.

தண்ணீர் ஒட்டவில்லை. முத்து முத்தாகத் திரண்டு வழுக்கிக்கொண்டு ஓடியது.

விரலை உள்ளே விட்டுத் தேய்த்தாள். வழவழப்பு. விரலை மூக்கருகில் கொண்டுபோனாள். நல்லெண்ணெய்.

வெள்ளைக்கருவுக்கு எமன் எண்ணெய்தான். கிண்ணத்தில் ஒரு சொட்டு இருந்தால் போதும், ராத்திரி முழுக்க அடித்தாலும் நுரை ஏறாது. நேற்று அவளே அந்தக் கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தாள். ராத்திரிக்கும் காலைக்கும் இடையில் ஒரு கை உள்ளே போயிருக்கிறது.

யாருடைய கை?

நேராக அடுத்த வீட்டுக்குப் போனாள். புதுப் பாத்திரத்துக்கு எண்ணெய் தடவுகிற வழக்கம் எதுவும் உண்டா என்று உமாதேவியிடம் கேட்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

உமாதேவிக்குக் கோபம் வந்துவிட்டது. "விரதக்காரி நான் முட்டைச் சட்டிக்குள்ள கைய விடுவேனா? மேல பொட்டு வச்சதோட சரி. உள்ள எட்டிக்கூடப் பாக்கலை, சாமி சத்தியமா."

முத்துசெல்வி நம்பினாள். உமாதேவிக்கு வாய் நீளமே தவிர, முருகன் பேரில் பொய் சொல்ல மாட்டாள். அதோடு, எண்ணெய் பட்டால் முட்டை ஏறாது என்பது உமாதேவிக்குத் தெரியவும் தெரியாது. அந்த வீட்டில் அது தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அவள். கல்யாணமான புதிதில், வேடிக்கை பார்க்க வந்து நின்ற புருஷனிடம், தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு கிட்ட வராதீங்க என்று விரட்டி, காரணத்தையும் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

தன் வீட்டுக்குத் திரும்பி நடந்தாள். அழுதுவிடுவோம் என்றுதான் முதலில் நினைத்தாள். அழவில்லை.

மத்தியானம் முட்டைக் கடைக்குப் போனாள். ஆறு முட்டை வாங்கினாள். கடைக்கார வெயிலம்மாளோடு கால் மணி நேரம் பேசினாள். திரும்பி வந்து கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணீரில் சோடா உப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினாள். எலுமிச்சை மூடியால் உள்ளே தேய்த்துத் துடைத்தாள். பிறகு உட்கார்ந்து அஞ்சு மணிக்காகக் காத்திருந்தாள்.

இசக்கிராஜாவும் கடற்கரையும் ஒன்றாகவே வந்தார்கள். வாசலில் கடற்கரையின் ஆட்டோ நின்றது. உமாதேவியை முத்துசெல்வியே கூப்பிட்டு அதே நாற்காலியில் உட்கார வைத்தாள். சாமான் போகிறதற்கு முன்னால் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றாள். இசக்கிராஜா, காலையில் பார்த்தது போதாதா என்று ஆரம்பித்தான். பொருளுக்குச் சொந்தக்காரரான கடற்கரை, ஓட்டட்டும் தம்பி என்றார்.

ஆறு முட்டை. மெஷின் ஓடியது.

இரண்டாவது நிமிஷத்தில் நுரை. நாலாவதில் வெண்ணெய் நிறம் மாறிப் பால் வெள்ளை. சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினாள். ஏழாவது நிமிஷத்தில் கம்பி போன தடமெல்லாம் வரப்பு வரப்பாக நின்றது. பளபளவென்று, கட்டியாக. மெஷினை நிறுத்தினாள்.

இசக்கிராஜாவின் முகத்தில் ரத்தம் இல்லை.

"உக்காருங்க" என்று அவனுக்கு முக்காலியைக் காட்டினாள்.

"எதுக்கு?"

"பந்தயம் வச்சது நீங்கதான? உக்காருங்க."

கடற்கரை முன்னால் மறுக்க முடியாமல் உட்கார்ந்தான். அவள் கிண்ணத்தை இடது கையால் அணைத்துத் தூக்கினாள். அவன் தலைக்கு நேர் மேலே கொண்டுபோனாள். எழப் பார்த்தான்.

"அசையாதீங்க."

கவிழ்த்தாள்.

இசக்கிராஜா கண்ணை இறுக மூடிக்கொண்டான். தோள் இரண்டும் காது வரை ஏறின. ஒரு சொட்டு விழவில்லை. அவள் கிண்ணத்தை எடுக்கவும் இல்லை. வலது கைப் பிடி தளர்ந்தது. இடது கை பிடித்துக்கொண்டது. கடற்கரை சிரிக்க வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டார்.

"மதினி, காலையில இது ஏன் ஏறலைன்னு உங்க தம்பிகிட்ட கேளுங்க. சட்டிக்குள்ள நல்லெண்ணெயத் தடவுனது யாருன்னு கேளுங்க."

உமாதேவி முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். "ஏலே, என்னலே சொல்லுதா இவ?"

முதலில் அவன் இல்லை என்றான். பிறகு, விளையாட்டுக்கு ஒரு சொட்டு என்றான். அப்புறம் கிண்ணத்துக்கு அடியிலிருந்து தலையை உருவிக்கொண்டு எழுந்து கத்தினான்.

"ஆமா, தடவுனேன். இன்னைக்கு மெஷினும்ப. நாளைக்குக் கடைம்ப. அதுக்கு மேல உன் பேரு போட்டு போர்டு. கம்பெனியில இப்பமே மக்ரூன்காரி புருசன்னுதான் கூப்பிடுதானுவ. அப்போ நான் யாருட்டி?"

"என் கை போயிரும்னு டாக்டரம்மா சொல்லும்போது பக்கத்துல நின்னீங்கள்லா? காதுல விழுந்துச்சா இல்லையா?"

அவன் முக்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

"விழுந்துச்சு. விழுந்த பிறவும் தடவியிருக்கீங்க."

உமாதேவி எழுந்து வந்து சமாதானம் பேசினாள். ஆம்பிளைகள் புத்தி அப்படித்தான், குடும்பத்துக்குள்ளே இதைப் பெரிசு பண்ணலாமா, வாங்கிக் கொடுத்துவிடுகிறான், போதுமா என்றாள். இசக்கிராஜா அதைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்தி, சரி அண்ணாச்சி, என் பேரில் பில் போடுங்க, மெஷின் இங்கனயே இருக்கட்டும் என்றான். பெரிய மனது பண்ணிவிட்டவன் போல அவளைப் பார்த்தான்.

காலையில் எண்ணெயைக் கண்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு எரியவில்லை.

"அண்ணாச்சி, பில்லு என் பேருல போடுங்க, மக்ரூன் காசுல மாசாமாசம் கட்டிருதேன். முத்துசெல்வின்னு. மெஷினு இந்த வீட்டுல இருக்காது. வெயிலம்மாக்கா முட்டைக் கடைக்குப் பின்னால ஒரு ரூம்பு இருக்கு, பேசிட்டேன். அங்கன இறக்குங்க. நாளையிலருந்து காலையில ஒம்பதுக்குப் போயிட்டு சாயந்திரம் வருவேன். சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கும்."

கடற்கரை இருவரையும் பார்த்தார். கடைக்காரரின் கண் மெஷினில் நின்றது. குனிந்து ஒரு பக்கம் பிடித்தார். கனமான சாமான். இசக்கிராஜா பழக்கத்தில் மறுபக்கம் பிடிக்கக் கை நீட்டினான்.

"தொடாதீங்க."

கை அந்தரத்தில் நின்றது. உமாதேவியே வந்து மறுபக்கம் பிடித்தாள். முட்டை வாடைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டே வாசல் வரை தூக்கினாள். முருகன் மன்னிப்பான் என்று முனகினாள். யாருக்காகச் சொன்னாள் என்பது தெரியவில்லை.

முத்துசெல்வி கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். இசக்கிராஜா வாசற்படி வரை வந்தான். முதலாளி வீட்டு மக்ரூன் என்ன ஆகும் என்று கேட்டான். அதைத்தான் கேட்டான்.

"பத்துக் கிலோவும் வரும். பெட்டி மேல என் பேரு இருக்கும். வேண்டாம்னா உங்க முதலாளிகிட்ட நீங்களே சொல்லிருங்க."

ஆட்டோ கிளம்பியது. பின்னாலிருந்து அவன் அவள் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. வேகமா விடுங்க அண்ணாச்சி என்றாள். ஆறு மணிக்கு வெயிலம்மாள் கடையை அடைத்துவிடுவாள்.