தோற்ற சோதனைகள் உட்பட

அரசு ஆய்வகத்தில் எல்லோரும் அவளை ஈரல் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஈரல் நோய்க்கு ஒரே மருந்தைப் பிடித்துக்கொண்டு ஆறு வருடம் மாரடித்தவள். அது வேலை செய்யாது என்பது அதைக் கொடுத்த கம்பெனிக்கு முதல் வருடமே தெரியும். கம்பெனியின் ஆராய்ச்சித் தலைவர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன். ஞாயிறு தவறாமல் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு, "ஆராய்ச்சி எப்படிப் போகுது?" என்று கேட்ட மனுஷன், இதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஓய்வுபெற்ற ஊழியர் ஒருவர் வாய்தவறி உளறியபோதுதான் அவளுக்கே தெரிந்தது.

இப்போது அரசும் அதே கம்பெனியும் கூட்டாக ஆராய்ச்சி செய்யப்போகின்றன. ஒப்பந்தம் எழுதும் வேலை அவளுக்கு வந்தது. கேட்டு வாங்கினாள் என்பதே சரி.

கூட்ட அறையில் அத்தான் காப்புரிமைக்காக மல்லுக்கட்டினார். அவள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தாள். ஜெயித்த மிதப்பில் இருந்தவர், பதினோராவது பக்கத்தில் ஒரு கணம் நின்றார். இரு தரப்பும் இதுவரை செய்த ஈரல் மருந்துச் சோதனைகளை, தோற்றவை உட்பட, யாரும் படிக்கும்படி பொதுத் தளத்தில் போட வேண்டும் என்று அதில் இருந்தது.

"இது எதுக்கும்மா?"

"இன்னொருத்தர் அதே குழியில விழக் கூடாதுல்ல, அத்தான்."

"நல்ல மனசு உனக்கு," என்று சிரித்தவர், பெயர்களை மறைத்துக்கொள்ளலாம் என்ற அடுத்த வரியையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் வாரம் கம்பெனியின் சட்டப் பிரிவு கோப்புகளை அனுப்பியது. தோல்வி அறிக்கையின் அடியில், 'அரசு ஆய்வகத்துக்குத் தெரிவிக்க வேண்டாம்' என்ற வரி. கீழே அத்தானின் பெயர். பெயரை மறைத்து வெளியிட ஒப்பந்தத்தில் இடம் உண்டு. அக்காவை நினைத்து அவளே சேர்த்த விதி அது.

மத்தியானம் அக்கா போன் செய்தாள்.

"அவர் பேரை மட்டும் அடிச்சிடுடி. வேலையே போயிடும்."

"எனக்கு ஆறு வருஷம் போச்சே, அக்கா."

"உன்கிட்ட சொல்லிடறேன்னுதான் அவர் சொன்னார். அப்பதான் அவருக்குப் பதவி உயர்வு வர்ற நேரம். நான்தான் வாயைத் திறக்காதீங்கன்னேன்."

அவளுக்கு அழுகை வரவில்லை. அக்காவுக்காக ஒதுக்கி வைத்திருந்த இரக்கம் மட்டும் சுத்தமாக வற்றிப்போனது. போனைக் காதிலிருந்து எடுக்காமலே, பெயரோடு கோப்பை வெளியிட்டாள்.

"போட்டாச்சு, அக்கா. நீயும் படிச்சுப் பாரு."