விமானத்தின் வலது பக்கம்

எங்கள் கரமனைத் தெருவில் புளுகுக்குப் பெயர் போனவன் பிச்சுமணி. மற்றபடி நல்லவன்தான். மராமத்து ஆபீஸில் எனக்கு அடுத்த நாற்காலி, தெருவில் எனக்கு எதிர்வீடு. ஆகையால் அவன் எங்கே போனான், எங்கே போகவில்லை என்பது அவன் பெண்டாட்டியைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றுப் பதினொன்று துலா மாதத்தில், அதாவது ஐப்பசியில், சங்குமுகம் கடற்கரை மைதானத்தில் தபால் விமானம் வந்து இறங்கியபோது ஊரே திரண்டு போயிற்று. விமானத்துக்கு இடது பக்கம் பெண்களுக்குப் பந்தல். வலது பக்கம் ஆண்களுக்குக் கயிறு. பிச்சுமணியின் மனைவி சூடாமணி தெருப் பெண்களோடு வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். எங்கள் இருவரையும் சூப்ரண்டு சிவதாணு பிள்ளை ஏதோ பாலத்து வேலையைச் சொல்லி அன்று பூராவும் நாற்காலியிலேயே உட்கார்த்தி வைத்துவிட்டார். நான் அவரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பிச்சுமணி தன் வீட்டுக்குப் போய், "நானும் வந்திருந்தேனாக்கும். அந்தப் பக்கம், கயித்தை ஒட்டி நின்னேன்" என்று சொல்லிவிட்டான். பெண்டாட்டி பார்த்ததைத் தான் பார்க்கவில்லை என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

அந்தப் புளுகு அதோடு போயிருக்கும். ஆனால் சூடாமணி அடுத்த நவராத்திரிக் கொலுவில் அந்த விமானத்தையே செய்து வைப்பதென்று தீர்மானித்துவிட்டாள்.

பொம்மைக்காரன் செய்கிற மாதிரி அல்ல. அசல் விமானத்தில் ஒரு முழம் என்றால் இவள் விமானத்தில் ஒரு விரற்கடை. அளவு எப்படித் தெரியும் என்று கேட்டேன். விமானி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றானாம், கதவு அவன் மார்பு உயரம் இருந்ததாம். அதிலிருந்து மற்ற எல்லாவற்றையும் கணக்குப் போட்டிருந்தாள். ஆபீஸில் ஸ்கேலும் பென்சிலுமாக உட்கார்ந்திருக்கிற எனக்கு அந்த யோசனை வந்திருக்குமா? சத்தியமாக வந்திருக்காது.

உடம்புக்கு முருக்கு மரம். இரண்டடுக்குச் சிறகுக்கு ஈர்க்கிலால் சட்டம், அதன் மேல் கஞ்சி போட்ட பழைய மல் துணி. சிறகுகளை இழுத்துக் கட்டுகிற கம்பிகளுக்கு வீணையின் மெல்லிய தந்தி. மூக்குக்குப் போனக்காட்டு மலைத் தோட்டத்துத் தேயிலைப் பெட்டிக்குள் இருக்கிற ஈயத்தாள். கதவின் கைப்பிடி ஒரு குண்டூசித் தலை. எஞ்சினுக்கு அடியில் கண்மையைத் தொட்டு ஒரு தீற்றல் வேறு. அழுக்காகிவிட்டதே என்று நான் துடைக்கப் போனேன். அசல் விமானத்தில் அங்கே எண்ணெய் ஒழுகியிருந்ததாம், அதையும் பார்த்து வைத்திருக்கிறாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். அந்த இடது பக்கத்தை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

வலது பக்கத்துக்கு அவள் புருஷனைத்தான் கேட்க வேண்டும். கேட்டாள். பிச்சுமணியும் அளந்தான். புகை போகிற குழாய் ஒன்று மூக்கிலிருந்து வால் வரைக்கும் போகிறது என்றான். நுனி அன்னத்தின் கழுத்து மாதிரி வளைந்திருக்கும், இடைக்கிடை பித்தளை வளையம் மின்னும், சிறகு நுனியில் சிவப்பு விளக்கு ஒன்று உண்டு என்றான். அவள் குடைக்கம்பியைத் தணலில் காட்டி அன்னத்தின் கழுத்தை வளைத்தாள். பித்தளைக் கம்பியை ஊசியில் சுற்றி வெட்டி, கடுகு பருமனில் வளையங்கள் கோத்தாள். உடைந்த வளையல் துண்டை அம்மியில் தேய்த்துத் தேய்த்துச் சிவப்பு விளக்கு செய்தாள். விரல் நுனியெல்லாம் கீறல்.

அவன் புளுகு ஒவ்வொன்றும் அவள் கையில் பொருளாகிக்கொண்டு வந்தது. முதலில் அவனுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. போகப் போக ஆபீஸில் என்னோடு பேசுவதையே குறைத்துக்கொண்டான். ஒரு நாள் காப்பி குடிக்கும்போது, "ஓய், அவ நான் சொல்றதை வேதவாக்கா எடுத்துக்கறா. என்னால அந்தக் கையைப் பாக்க முடியலை" என்றான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவன் புளுகு நவராத்திரி நெருங்குகிற வரைக்கும் ஓடியது. அப்போதுதான் தபாலாபீஸ் நாகேஸ்வரன் எங்கள் தெருவுக்குக் குடிவந்தார். வாராவாரம் விமானத்தின் பக்கத்திலேயே நின்று தபால் பை இறக்குகிறவர். சூடாமணியின் விமானத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு, கொலுவுக்கு அவசியம் வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். வந்து பார்த்து, இந்தக் குழாய் எங்கேயிருந்து வந்தது என்று தெருப் பெண்கள் நடுவில் சிரித்தால் தலைகுனிவு சூடாமணிக்கு. புளுகினவனை யாரும் கேட்கப் போவதில்லை. எனக்கு வந்த கோபத்தில் பிச்சுமணியைக் கையோடு இழுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன்.

சூடாமணி சிவப்பு விளக்கைப் பிசின் தொட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். சிறகு நுனியிலிருந்து எத்தனை தள்ளி என்று நிமிராமலே கேட்டாள்.

"சூடா, நான் போகவே இல்லை" என்றான் பிச்சுமணி. "அன்னிக்கு ஆபீஸ்லதான் இருந்தேன். அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது."

அவள் விளக்கைக் கீழே வைத்தாள். விமானத்தின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். நான் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் தன்னைச் சங்குமுகத்துக்குக் கூட்டிக்கொண்டு போகும்படி அவனிடம் சொன்னாளாம், ஆண்கள் நிற்கிற பக்கத்துக்கு. அடுத்த விமானம் வந்த அன்று நாங்கள் மூவரும் போனோம். சிவதாணு பிள்ளையிடம் எனக்கு வயிற்று வலி, பிச்சுமணிக்குக் காய்ச்சல். பந்தல் என்றைக்கோ போய்விட்டது, கயிறும் பழக்கமும் மட்டும் போகவில்லை. பெண்பிள்ளை அந்தப் பக்கம் போகணும் என்று போலீஸ்காரர் மலையாளத்தில் அதட்டினார். வழக்கமாக இந்த மாதிரி இடத்தில் திவான் என் சித்தப்பா என்று ஆரம்பிக்கிறவன் பிச்சுமணி. அன்று கைகூப்பி, "இவளுக்கு இந்தப் பக்கம்தான் பாக்கணும்" என்று மட்டும் சொன்னான். அவர் என்ன நினைத்தாரோ, கயிற்றைத் தூக்கிவிட்டார்.

வலது பக்கத்தில் குழாய் இருந்தது. ஆனால் முழங்கை நீளத்தில் ஒரு மொட்டைக் குழாய், வாயெல்லாம் கரி. வளையமும் இல்லை, விளக்கும் இல்லை. சூடாமணி மண்ணில் மண்டியிட்டு அடிவயிறு வரைக்கும் பார்த்தாள். சுற்றி நின்ற ஆண்கள் விமானத்தை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு அது தெரியவே இல்லை. அப்படி ஒரு பார்வையை நான் அதுவரை யாரிடமும் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்துக் குழாயைப் பெயர்க்க உட்கார்ந்தாள். பிச்சுமணிக்குத் தாங்கவில்லை. எத்தனை நாள் உழைப்பு, அது அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமே, நாகேஸ்வரனிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று கெஞ்சினான்.

"நீங்க சொன்ன குழாய் இதைவிட அழகுதான்" என்றாள் அவள். "என்ன பண்றது, நான் பாத்துட்டேனே."

ஒவ்வொரு வளையமாக உதிர்ந்தது.

சரஸ்வதி பூஜையன்று நாகேஸ்வரன் வந்தார். இடது பக்கம் குனிந்து பார்த்தார். சுற்றிக்கொண்டு வலது பக்கம் போய், வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் பிச்சுமணியின் பக்கம் திரும்பி, வாராவாரம் பக்கத்தில் நிற்கிறவர் யாரோதான் ஒன்றுவிடாமல் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும், யார் அது என்று கேட்டார்.

கூடம் நிறைய ஜனம். பிச்சுமணி வாயைத் திறந்தான்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றான். "அவளைக் கேளும்."